ஒவ்வொன்றாகச் சுடும் உணவு

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் ஆல்னி என்றொரு சிற்றூர். கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமையன்று அந்த ஊர்ப் பெண்கள் கையில் வாணலியும் வாணலியில் ஒரு பான்கேக்குமாகச் சந்தைத் திடலிலிருந்து தேவாலயம் வரை ஓடுவார்கள். இந்த ஓட்டம் 1445இல் தொடங்கியது என்பது ஊர் வழக்கு. ஒரு வீட்டுக்காரி பான்கேக் சுட்டுக்கொண்டிருந்தபோது பாவமன்னிப்புக்கு அழைக்கும் கோயில் மணி அடித்துவிட்டதாம். வாணலியை இறக்கி வைக்கக்கூட நேரமில்லாமல் அப்படியே ஓடினாளாம். பான்கேக்கின் வரலாறு என்று எழுதப்படுபவை பெரும்பாலும் இப்படி ஒரு பண்டிகையில்தான் தொடங்குகின்றன. ஆங்கிலேயருக்கு அந்தச் செவ்வாய், ரஷ்யருக்கு மாஸ்லெனித்ஸா வாரம், பிரெஞ்சுக்காரருக்குப் பிப்ரவரி 2ஆம் நாள். முதல் இரண்டுக்கும், நாற்பது நாள் நோன்புக்கு முன்னால் வீட்டில் இருக்கும் முட்டையையும் பாலையும் வெண்ணெயையும் தீர்த்துவிட வேண்டும், அதற்காகத்தான் பான்கேக் என்று காரணமும் சொல்வார்கள். சொல்வதில் பிழை இல்லை. ஆனால் பண்டிகையை வைத்து இந்த உணவின் கதையைச் சொன்னால் அதன் பெரும்பகுதி விடுபட்டுப்போகிறது. மாவைக் கரைத்துச் சூடான கல்லில் வார்த்துச் சுடும் உணவு, உப்பிய ரொட்டிக்கு வழியில்லாத கோடிக்கணக்கான வீடுகளில் அன்றாடப் பசியை ஆற்றிய உணவு. அதை ஒவ்வொன்றாகத்தான் சுட முடியும், யாராவது ஒருவர் நின்றே ஆக வேண்டும். அந்த ஒருவர் அநேகமாக எல்லா நாட்டிலும் பெண்ணாக இருந்தார். அந்த உணவு ஏடுகளில் ஏறாமல் போனதற்குக் காரணமும் இதுதான் என்பது என் வாதம்.

ரொட்டிக்குக் கிடைத்த இடத்தோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். இங்கிலாந்தில் மூன்றாம் ஹென்றியின் காலத்தில், 1266ஐ ஒட்டி, ரொட்டிக்கென்று ஒரு சட்டம் வந்தது. கோதுமை விலை ஏறினால் காசுக்கு விற்கும் ரொட்டியின் எடை எவ்வளவு குறைய வேண்டும் என்று அது வரையறுத்தது. எடையில் ஏமாற்றிய ரொட்டிக்காரருக்கு அபராதம் விதித்தார்கள், ஊர் நடுவே மரச்சட்டத்தில் மாட்டி நிறுத்தவும் செய்தார்கள். அந்த ரொட்டிச் சட்டத்தின் மிச்சம் 1836 வரை நீடித்தது. பிரான்சில் நிலப்பிரபுவின் அடுப்பில்தான் குடியானவர் ரொட்டி சுட வேண்டும், அதற்குக் கட்டணமும் செலுத்த வேண்டும் என்ற வழக்கம் பெரும் புரட்சி வரை பல வட்டாரங்களில் இருந்தது. எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரைத் தோண்டியபோது முப்பதுக்கு மேற்பட்ட ரொட்டிக் கூடங்கள் கிடைத்தன. ரொட்டி அடுப்பின் தன்மையே அப்படிப்பட்டது. செங்கல்லாலோ கல்லாலோ கட்டிய கூண்டைச் சூடேற்றக் கட்டுக் கட்டாக விறகு வேண்டும். சூடேறிய அடுப்பில் ஐந்து ரொட்டி மட்டும் சுட்டால் கட்டுப்படியாகாது, ஒரே ஈட்டில் ஐம்பது சுட வேண்டும். ஆகவே அடுப்பு ஊருக்குப் பொதுவாயிற்று. பொதுவான இடத்தில் வரி வந்தது, தொழிற்சங்கம் வந்தது, கணக்கேடு வந்தது. கல்லில் வார்ப்பதற்கு மூன்று கல் கூட்டிய அடுப்பும் ஒரு கைப்பிடிச் சுள்ளியும் போதும். ஓரிரு நிமிடத்தில் ஒன்று வெந்துவிடும். அதற்கு எடை நிர்ணயிக்கவும் கட்டணம் வசூலிக்கவும் எந்த அரசனும் அடுப்படிக்குள் நுழைந்ததில்லை. அதனால் அது எவருடைய கணக்கிலும் பதியவில்லை.

அடுப்பு ஒரு பாதி, தானியம் மறுபாதி. கோதுமை மாவைப் பிசையும்போது அதிலுள்ள குளூட்டன் புரதம் இழுபடும் வலையாக மாறுகிறது. புளிக்கும்போது உண்டாகும் காற்றை அந்த வலை பிடித்து வைத்துக்கொள்வதால்தான் ரொட்டி உயர்ந்து நிற்கிறது. அரிசியிலும் கேழ்வரகிலும் எத்தியோப்பியாவின் டெஃப் தானியத்திலும் மரக்கோதுமை என்று தமிழில் சிலர் எழுதும் பக்வீட்டிலும் அந்த வலை கிடையாது. இவற்றின் மாவைப் பிசைந்து உருட்டி அடுப்பில் வைத்தால் கட்டையாக இறுகிப்போகும். நீர்க்கக் கரைத்துச் சூடான பரப்பில் மெல்லப் பரப்பினாலோ மாவுச்சத்து நொடியில் வெந்து இறுகுகிறது, நீராவியும் புளிப்புக் காற்றும் மேலே துளைத்துக்கொண்டு வெளியேறுகின்றன. மேற்பரப்பில் கண் கண்ணாகத் தெரியும் துளைகள் அந்தக் காற்று போன வழிகள். ஆக, நல்ல கோதுமை விளையாத மண்ணும் சொந்தமாக ரொட்டி அடுப்பு இல்லாத வீடும் எங்கே சேர்ந்தனவோ அங்கே இந்த உணவு வேரூன்றியது.

பிரான்சின் மேற்கு முனையில் உள்ள பிரித்தானி இதற்கு நல்ல சாட்சி. அங்கே பல இடங்களில் மண் மெலிந்தது, புளிப்பானது, மழையும் காற்றும் ஓயாது. தென்மேற்குச் சீனத்தில் பயிராகத் தொடங்கிய பக்வீட், இடைக்காலத்தின் கடைசியில் ஐரோப்பாவுக்கு வந்து அந்த மண்ணைப் பிடித்துக்கொண்டது. புல்லினத்தைச் சேராத பயிர் அது, சுமார் நூறு நாளில் அறுவடைக்கு வந்துவிடும், உரம் கேட்காது. அதன் கரிய மாவில் தண்ணீரும் உப்பும் மட்டும் சேர்த்து அடித்துக் கரைத்துச் சுடுவது காலெத். அதைச் சுடும் வட்டமான இரும்புக் கல்லுக்குப் பிரெத்தோன் மொழியில் பிலிக் என்று பெயர். கரண்டியால் மாவை நடுவில் ஊற்றி, டி வடிவ மரக்கோலால் ஒரே சுழற்றாகச் சுழற்றி ஓரம் வரை இழுப்பார்கள். நீண்ட மெல்லிய மரப்பட்டையால் திருப்புவார்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் கொழுப்பில் தோய்த்த துணியால் கல்லைத் துடைப்பார்கள். வெங்காயத்தைப் பாதியாக வெட்டி நல்லெண்ணெயில் தொட்டுத் தோசைக்கல்லைத் தேய்க்கும் கைக்கு அந்தத் துணி ஏன் என்று விளக்கத் தேவையில்லை. இரும்பைப் பழக்காவிட்டால் மாவு பிடித்துக்கொள்ளும் என்பதைப் பிரித்தானியில் தெரிந்துகொண்டவளும் தஞ்சாவூரில் தெரிந்துகொண்டவளும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. பிரித்தானிக் குடியானவர் வீடுகளில் வெள்ளிக்கிழமை, இறைச்சி விலக்கிய நாள், காலெத் சுடும் நாளாக இருந்தது. மோரில் தொட்டுச் சாப்பிட்டார்கள். இன்று பன்றி இறைச்சியும் முட்டையும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்துத் தரப்படும் காலெத், வசதி வந்த பிறகு கிடைத்த வடிவம். வெள்ளை மாவில் பாலும் சர்க்கரையும் சேர்த்துச் சுடும் கிரெப்பும் கோதுமை மலிந்த பிறகே அந்த வீடுகளில் பரவலானது. பாரிசின் மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தைச் சுற்றி இன்றும் கிரெப் கடைகள் நெருக்கமாக இருப்பதற்குக் காரணம், பிரித்தானியிலிருந்து வரும் ரயில்கள் அங்கே வந்து நிற்பதுதான். பிழைப்பு தேடி வந்து இறங்கிய ஊரார் இறங்கிய இடத்திலேயே கல்லைப் போட்டார்கள்.

வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பக்வீட்டின் இடத்தில் ஓட்ஸ் இருந்தது. குளிரும் ஈரமும் மிகுந்த மேட்டு நிலத்தில் கோதுமை முற்றாது, ஓட்ஸ் முற்றும். 1327இல் ஸ்காட்லாந்துப் படை இங்கிலாந்துக்குள் புகுந்தபோது அதை எதிர்கொள்ளப் போன படையில் ஜான் லெ பெல் என்ற பிரெஞ்சு மொழி எழுத்தாளர் இருந்தார். அவர் எழுதியதைப் பின்னால் ஃப்ரவாசார் தன் வரலாற்று நூலில் எடுத்தாண்டார். ஸ்காட்லாந்து வீரர்கள் உணவு வண்டிகளே இல்லாமல் எப்படி அவ்வளவு வேகமாக நகர்ந்தார்கள் என்பதுதான் இருவருக்கும் வியப்பு. ஒவ்வொரு வீரனும் சேணத்துக்கு அடியில் தட்டையான ஒரு தகட்டையும் சேணத்துக்குப் பின்னால் ஒரு சிறு பை ஓட்ஸ் மாவையும் வைத்திருந்தான். பிடித்த மாட்டின் இறைச்சியைத் தின்று தின்று வயிறு கனத்தால் தகட்டை நெருப்பில் போட்டு, மாவை நீரில் கரைத்து மெல்லிய அடையாகச் சுட்டுச் சாப்பிட்டான். ஒரு படையின் வேகத்தையே மாற்றிய இந்தச் சமையல் எழுத்தில் ஏறியது எப்படி என்பதைக் கவனிக்க வேண்டும். சுட்டவன் ஆண், இடம் போர்க்களம், பார்த்தவன் அந்நியன். அதே ஓட்ஸ் அடையை அதே காலத்தில் தினமும் வீட்டில் சுட்ட பெண்களைப் பற்றி அவர்கள் ஒரு வரியும் எழுதவில்லை. யார்க்‌ஷயரில் அடை சுடும் ஒரு பெண்ணின் படம் ஜார்ஜ் வாக்கர் 1814இல் வெளியிட்ட படநூலில் கிடைக்கிறது. இடையே ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் போயிருந்தன.

அன்றாட உணவாகவே இன்றும் முழுமையாக நிற்கும் வடிவத்தைப் பார்க்க எத்தியோப்பியாவுக்குப் போக வேண்டும். டெஃப் கடுகைவிடச் சிறிய தானியம். அதன் மாவைக் கரைத்து, முந்தைய ஈட்டில் மேலே தேங்கிய மஞ்சள் நீரை உறையாக விட்டு, இரண்டு மூன்று நாள் புளிக்க வைப்பார்கள். புளித்த மாவில் ஒரு பங்கை எடுத்துக் கொதிநீரில் கூழாகக் காய்ச்சி மீண்டும் கலப்பார்கள். குளூட்டன் இல்லாத மாவு பிளவுபடாமல் ஒன்றுசேர அந்தக் கூழ் உதவுகிறது. நம் ஊரில் ஆப்பத்துக்குக் கஞ்சி காய்ச்சிச் சேர்ப்பது இதே வேலையைத்தான் செய்கிறது. பிறகு மிதாத் என்ற அகன்ற மண்கல்லில், எண்ணெய் வித்தைப் பொடித்துத் தேய்த்துப் பழக்கிய பரப்பில், ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றி ஊற்றுவார்கள். கண்கள் திறந்ததும் மூடி போட்டுவிடுவார்கள், திருப்பிப் போடுவதில்லை. வெந்தது இன்ஜெரா. அதுவே தட்டு, அதுவே கரண்டி, அதுவே சோறு. குழம்பு அதன் மேல் பரிமாறப்படுகிறது, சுற்றி உட்கார்ந்தவர்கள் கிழித்துக் கிழித்துத் தொட்டு உண்கிறார்கள். சூடான், சோமாலியா, ஏமன் வரை சோளத்திலும் பிற தானியத்திலும் இதற்குச் சொந்தங்கள் உண்டு. இதற்குச் செலவாகும் உழைப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு குடும்பத்துக்கு வேண்டிய இன்ஜெராவைச் சுட ஒரு பெண் பல மணி நேரம் புகையில் நிற்கிறாள். எத்தியோப்பிய வீடுகளில் எரியும் விறகில் பெரும்பங்கு மிதாத்தின் அடியில்தான் எரிகிறது. அந்த நாட்டில் மின்சார மிதாத் பரவியதை ஒரு சமையல் கருவி வந்த செய்தியாக மட்டும் பார்க்க முடியாது. கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கிடைத்த விடுதலை அது.

என் வாதத்துக்கு எழக்கூடிய மறுப்புகளில் வலுவானது ரஷ்யாவிலிருந்து வரும். ரஷ்யக் குடியானவன் வீட்டில் பாதி அறையை அடைத்துக்கொண்டு பெரிய அடுப்பு இருந்தது. அதில் ரொட்டி சுட்டார்கள், அதன் மேல் படுத்துத் தூங்கினார்கள். ப்ளினி எனப்படும் அவர்களுடைய அடையையும் அந்த அடுப்புக்குள் வாணலியைத் தள்ளித்தான் சுட்டார்கள். அடுப்பு இல்லாததால்தான் அடை என்றால் ரஷ்யாவை எங்கே வைப்பது? ரஷ்யாவில் அடைக்குக் கிடைத்த இடத்தைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. அங்கே அன்றாடச் சோறு கரிய நிறத்திலான ரை ரொட்டி. ப்ளினி மாஸ்லெனித்ஸா வாரத்துக்கும் இறந்தவர் நினைவு விருந்துக்கும் உரியது. இங்கிலாந்தின் தென்பகுதியிலும் இதே கதைதான். ஜெர்வேஸ் மார்க்கம் 1615இல் இல்லத்தரசிகளுக்காக எழுதிய நூலில் பான்கேக்குக்கு முட்டையும் கிராம்பும் ஜாதிபத்திரியும் பட்டையும் ஜாதிக்காயும் கேட்கிறார், பால் ஊற்றினால் மொறுமொறுப்புப் போய் இழுவையாகிவிடும் என்றும் எச்சரிக்கிறார். தினமும் உண்பதற்கான பட்டியல் அல்ல அது. ரொட்டி அடுப்பு கைக்கெட்டும் இடத்தில் அடை பண்டிகைக்குப் போய்ச் சேர்ந்தது, எட்டாத இடத்தில் தினச்சோறாக நின்றது. பண்டிகைக்குப் போனதைத் தேவாலய நாட்காட்டி எழுதி வைத்தது. தினச்சோறாக நின்றதை எழுதி வைக்க ஆள் இல்லை. இன்று நமக்கு எஞ்சியிருக்கும் ஆவணங்களை எண்ணிப் பார்த்து, அடை என்றாலே பண்டிகை உணவு என்று முடிவு கட்டினால், ஆவணம் எழுதியவர்களின் பார்வையையே உலகத்தின் வாழ்க்கையாக எடுத்துக்கொள்கிறோம் என்று பொருள்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் மருத்துவர் காலனை எடுத்துக்காட்டி மறுப்பவரும் உண்டு. ரொட்டிக் கூடங்கள் நிறைந்த உலகத்தில் வாழ்ந்த அவர், புகையில்லாத நெருப்பில் வாணலியை வைத்து, எண்ணெய் காய்ந்ததும் நீர்க்கக் கரைத்த கோதுமை மாவை ஊற்றி, இரண்டு மூன்று முறை திருப்பிப் போட்டுச் சுடும் முறையை விரிவாக எழுதியிருக்கிறார். சிலர் தேன் கலப்பார்கள், சிலர் கடலுப்புக் கலப்பார்கள் என்கிறார். கோதுமையும் அடுப்பும் இருந்த இடத்தில் அடை இருந்ததற்கு இது சான்றுதான், மறுக்கவில்லை. எளியவர்களும் அவசரத்தில் இருப்பவர்களும் எந்த ஊரிலும் உண்டு. காலன் அதை எழுதியது அது வயிற்றுக்குள் போய் என்ன செய்யும் என்று சொல்வதற்காக. வெளியிலிருந்து ஒருவர் வேறொரு காரணத்துக்காக எட்டிப் பார்க்கும்போது மட்டுமே இந்த உணவு எழுத்துக்கு வருகிறது என்பதற்கு அவரும் ஒரு சாட்சி ஆகிறார்.

இன்னொரு மறுப்பு தானியத்தைப் பற்றியது. பக்வீட் கிடைத்த எல்லாரும் அடை சுடவில்லை. ஜப்பானியர் அதை நூலாக அறுத்துச் சோபா ஆக்கினார்கள், ரஷ்யர் முழுதாக வேகவைத்துக் காஷா ஆக்கினார்கள், வட இத்தாலியின் மலைச்சரிவில் கிண்டிக் களியாக்கினார்கள். அப்படியென்றால் தானியம் எதையும் தீர்மானிப்பதில்லையே என்று கேட்கலாம். தானியம் ஒரு கதவை மூடுகிறது, எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. உயர்ந்த ரொட்டி முடியாது என்றானதும் கூழ், களி, நூல், அடை என்று பல வழிகள் மிஞ்சுகின்றன. அவற்றில் அடைக்குச் சில தனிச் சலுகைகள் உண்டு. கூழுக்குக் கலம் வேண்டும், அடையைக் கையில் மடித்துக்கொண்டு வயலுக்குப் போகலாம். ஆறினாலும் உண்ணலாம், வேறொன்றை அதில் சுருட்டலாம், ஒரு கல்லும் ஒரு குடம் மாவும் இருந்தால் தெருவில் விற்கலாம். இவற்றை ஒரு சமூகம் மற்றொன்றிடம் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும் என்பதில்லை. செட்டிநாட்டுக் குழிப்பணியாரச் சட்டியையும் நைஜீரியாவின் வடக்கே ஹவுசா மக்கள் மாசா சுடும் சட்டியையும் டென்மார்க்கில் கிறிஸ்துமஸ் காலத்தில் எப்லெஸ்கீவர் சுடும் சட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே கொல்லன் பட்டறையில் செய்ததுபோல் தோன்றும். ஒன்றிலிருந்து ஒன்று வந்ததற்குச் சான்று தேடுவதைவிட, குழிக்குள் ஊற்றினால் குறைந்த எண்ணெயில் நடுப்பகுதி மெத்தென்று வேகும் என்ற உண்மை எல்லாருக்கும் கைக்கெட்டியது என்று கொள்வதே பொருத்தம்.

தமிழ்நாடு இந்த வாதத்துக்கு எளிதாக ஒத்துப்போகும் என்று நினைப்போம். இங்கே ரொட்டி அடுப்பு கிடையாது, கோதுமை கிடையாது, அரிசியும் உளுந்தும் உண்டு. ஆகவே தோசை ஆதியிலிருந்தே தினச்சோறு என்று சொல்லிவிடத் தோன்றும். அது உண்மையல்ல. மிகப்பல தமிழ்க் குடும்பங்களில் இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்பு வரை இட்லியும் தோசையும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளி வந்தால் மட்டும் கிடைத்தவை. அன்றாடம் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் பழைய சோறும்தான். வாதத்தை இங்கே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடுப்பையும் தானியத்தையும் தவிர மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அரைக்கும் உழைப்பு. பிரித்தானிப் பெண் ஆலையில் அரைத்த உலர்ந்த மாவைக் கரைத்தாள். தமிழ்ப் பெண் ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் ஆட்டுக்கல்லில் ஆட்ட வேண்டும். ஒரு கை குழவியைச் சுற்ற, மறு கை வழிந்து மேலேறும் மாவைக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். உளுந்து பந்துபோல் பொங்கி வரும் வரை விட முடியாது. அதன் வழவழப்புதான் குளூட்டன் செய்யும் வேலையைச் செய்து காற்றைப் பிடிக்கிறது. அது குறைந்தால் அத்தனை உழைப்பும் வீண். வயலில் பகல் முழுவதும் நின்றவள் இரவில் இதையும் தினமும் செய்ய முடியாது. அரிசியே எட்டாத வீடுகளில் அந்தக் கேள்வியே எழவில்லை.

தென்னிந்தியச் சான்றுகளைப் பார்த்தால் மீண்டும் அதே ஒழுங்கு தெரிகிறது. மதுரைக்காஞ்சி இரவுக் கடைத்தெருவைப் பாடும்போது கூவியர் என்ற பண்டம் சுடுவோரைக் காட்டுகிறது. அவர்கள் விற்ற மெல்லிய அடையைத் தேன்கூட்டுக்கு ஒப்பிடுகிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு அருகில் போகும் ஒரு பாட்டில், அடையின் கண்களைப் பார்த்த ஒருவரின் பார்வை அப்படியே நிற்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெரும்பாணாற்றுப்படையிலும் கரிய சட்டியோடு கூவியர் வருகிறார்கள். மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொகுத்த மானசோல்லாசத்தில் தோசகம் என்ற பெயரில் பருப்பு மாவில் செய்யும் பண்டம் இருக்கிறது. விஜயநகரக் காலத்தில் திருமலைக் கோயிலுக்கு எழுதி வைத்த கட்டளைகளில் அப்பமும் தோசையும் படையலாக வருகின்றன. கடைத்தெரு, அரண்மனை, கோயில் மடைப்பள்ளி என்று சான்று கிடைத்த இடம் எல்லாமே வீட்டுக்கு வெளியே. வீட்டுக்குள் சுட்டவற்றைப் பற்றிச் செப்பேடும் இல்லை, கல்வெட்டும் இல்லை. தோசையைத் தமிழர் வீடுகளில் தினசரி உணவாக்கியதில் பெரும்பங்கு 1950களில் கோயம்புத்தூரில் உருவான மின் கிரைண்டருக்கு உண்டு. நியாயவிலைக் கடை அரிசியும் குளிர்சாதனப் பெட்டியும் அதோடு சேர்ந்துகொண்டன. இன்று தெருமுனைக் கடையில் மாவே பொட்டலமாகக் கிடைக்கிறது. ஆயிரம் ஆண்டுப் பழமை பேசும் ஓர் உணவு எளியவர் வீட்டுக்குத் தினமும் வந்தது ஒரு மோட்டார் குழவியைச் சுற்றத் தொடங்கிய பிறகுதான் என்பதைத் தமிழ்ச் சமையல் வரலாறு இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் இந்த மறைவு வேறொரு வடிவம் எடுத்தது. அங்கே முதல் அடை மக்காச்சோளத்தினுடையது, பூர்வகுடிகளிடமிருந்து குடியேறியவர்கள் கற்றது. அமெலியா சிம்மன்ஸ் 1796இல் வெளியிட்ட சமையல் நூலில் அதற்கான குறிப்புகள் உண்டு. ஜார்ஜ் வாஷிங்டன் காலையில் தேனும் வெண்ணெயும் ஊறிய மக்காச்சோள அடைகளை உண்டதை அவர் வீட்டில் வளர்ந்த நெல்லி கஸ்டிஸ் எழுதி வைத்திருக்கிறார். உண்டவர் பெயர் தெரிகிறது, எழுதியவர் பெயர் தெரிகிறது. அந்த வீட்டின் அடுப்படியில் வேலை செய்தவர்கள் அடிமைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பேக்கிங் பவுடர் வந்தது. புளிக்க வைக்கும் இரவு தேவையில்லாமல் போனது, தடித்து உப்பிய அமெரிக்க பான்கேக் உருவானது. 1889இல் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் நகரில் இரண்டு பேர் முன்கூட்டியே கலந்து வைத்த பான்கேக் மாவுக் கலவையைச் செய்தார்கள். கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் மேடை நிகழ்ச்சி ஒன்றிலிருந்து ஆன்ட் ஜெமைமா என்ற பெயரை எடுத்து அதற்குச் சூட்டினார்கள். அடுத்து உரிமை வாங்கிய நிறுவனம் நான்சி கிரீன் என்ற பெண்ணை அந்தப் பாத்திரமாக நடிக்க அமர்த்தியது. கென்டக்கியில் அடிமையாகப் பிறந்த அவர் 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் கூட்டத்தின் முன் நின்று பான்கேக் சுட்டார். தலைமுறை தலைமுறையாக அடுப்படியில் நின்ற பெண் முதன்முறையாக நாடறிய வெளியே வந்தாள், வந்தபோது அவளுக்கு அவளுடைய பெயர் இல்லை. கிரீன் 1923இல் இறந்தார். சிகாகோவில் அவர் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் நடப்பட்டது 2020இல். பெட்டியின் மேலிருந்த படமும், பின்னர் 2021இல் அந்தப் பெயரும் நீக்கப்பட்டன.

இப்படிச் சொல்வது இந்த உணவை வெறும் சுமையாகக் காட்டுகிறது என்று யாராவது வருந்தலாம். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொன்றாகச் சுட வேண்டும் என்ற அதே குணம் பெண்களுக்கு ஒரு தொழிலையும் தந்தது. ரொட்டிக் கூடம் வைக்க முதல் வேண்டும், அடுப்பு வேண்டும், பழைய ஐரோப்பாவில் ஆண்களின் தொழிற்சங்கத்தில் இடமும் வேண்டும். அடை விற்க வீட்டுச் சன்னல் போதும். ஸ்டாஃபர்ட்ஷயரில் பீங்கான் தொழிலாளர் குடியிருப்புகளான ஸ்டோக் பகுதியில், ஈஸ்டில் புளித்த ஓட்ஸ் அடையை வீட்டு முன்னறையில் சுட்டுத் தெருவைப் பார்த்த சன்னல் வழியாகவே விற்றார்கள். ஆலைக்குப் போகும் ஆண்களும் பெண்களும் வழியில் நின்று வாங்கிப்போனார்கள். அப்படிச் சன்னல் வழியே விற்ற கடைகளில் கடைசியானது ஹான்லியில் நகரச் சீரமைப்புக்காக 2012இல் மூடப்பட்டது. கடை வைத்து விற்பவர்கள் அந்தப் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். அடிஸ் அபாபாவில் வேலைக்குப் போகும் குடும்பங்களுக்காக இன்ஜெரா சுட்டு விற்றுப் பிழைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுச் சிறு நகரங்களில் கணவனை இழந்த எத்தனையோ பெண்கள் வீட்டு வாசலில் ஆப்பச்சட்டியையோ தோசைக்கல்லையோ வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். அந்த வாசல் கடைகளுக்குப் பெயர்ப்பலகை கிடையாது, வாங்குபவர்கள் அக்கா கடை என்றோ பாட்டி கடை என்றோ சொல்வார்கள். தோசையின் வரலாற்றை எழுத வருபவர் கோயில் கல்வெட்டைப் படி எடுத்த பிறகு அவர்களிடமும் போய்ப் பேச வேண்டும். ஒரு படி அரிசிக்கு எவ்வளவு உளுந்து, மழைக்காலத்தில் மாவு எத்தனை மணிக்குப் பொங்கும், புதுக் கல் எத்தனை நாளில் பழகும் என்பதற்கெல்லாம் விடை அவர்களிடம்தான் இருக்கிறது, அவற்றை எவரும் இதுவரை முறையாகக் கேட்டு எழுதியதாகத் தெரியவில்லை.